கல்லை உட்கார வைத்தவர்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ராயபுரத்துக்காரன். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்திலும், அதைச் சுற்றித் தொண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் பாரம் நகர்த்தும் வேலை பார்த்தேன். கலாசி வேலை என்று சொல்வோம். கப்பலில் வந்து இறங்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், அதற்கென்று கட்டிய பீடத்தில் மட்டம் பார்த்து உட்கார வைக்கும் வரை எங்கள் பொறுப்பு. பழங்காலத்துக் கற்களைப் பற்றிப் பேச என்னை அழைத்ததற்கு அந்த வேலைதான் காரணம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மகள் என்னைக் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்துக்கு அழைத்துப் போனாள். குன்றின் மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. பக்கங்களில் பலகை போல நிறுத்திய கற்கள், மேலே மூடியாக ஒரு பெரிய பலகைக் கல். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. அதை இடுதுளை என்பார்கள். இறந்தவர்களுக்காக இரும்புக் காலத்து மக்கள் எழுப்பியவை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் பல அப்படியே நிற்கின்றன. அங்கே வந்திருந்த ஒரு தம்பி கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே, "இதையெல்லாம் மனுஷன் தூக்கியிருக்கவே முடியாது" என்றார். வேற்றுக்கிரகத்து ஆட்கள், தொலைந்துபோன தொழில்நுட்பம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு மனசு வலித்தது. என்னோடு வேலை செய்து முதுகு வளைந்துபோன அத்தனை பேரையும் இல்லை என்று சொன்னது போல இருந்தது.

அவரிடம் நான் ஒன்றும் வாதாடவில்லை. மூடிக்கல்லைச் சுற்றி வந்து முழம் போட்டு அளந்தேன்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு பலகைக் கல் என்று வையுங்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். அப்படியானால் இந்தக் கல் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு டன் கல்லை மரச் சறுக்குச் சட்டத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பத்துப் பேர் போதுமாக இருந்தது. மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நகர்ந்தது. அந்தக் கணக்கில் ஐந்து டன்னுக்கு ஐம்பது பேர். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கயிற்றிலும் சேர்த்து எத்தனை பேர் நிற்பார்கள் என்று. ஐம்பது பேர் என்பது ஒரு சின்ன ஊர் திரட்டக்கூடிய கூட்டம்தான்.

சரி, இழுத்துவிட்டார்கள். தூக்கியது எப்படி? எல்லோரும் இந்த இடத்தில்தான் மலைத்து நிற்கிறார்கள். பத்தடி நீளத்தில் ஒரு உறுதியான மரத்தடியை எடுங்கள். கல்லுக்கு அடியில் நுனியைக் கொடுத்து, அரையடி தள்ளி ஒரு தாங்கு வையுங்கள். உங்கள் பக்கம் ஒன்பதரை அடி, கல்லின் பக்கம் அரையடி. பத்தொன்பது மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஆள் தடியின் முனையில் தொங்கினால் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் எழும். ஐந்து டன் கல்லின் ஒரு முனையை மட்டும் கிளப்ப வேண்டிய பாரம் இரண்டரை டன். மூன்று பேர். ஒரு விரற்கடைதான் எழும்பும். உடனே அடியில் கட்டையைத் தள்ளுவார்கள். பேக்கிங் கொடுப்பது என்போம். அப்புறம் மறு முனை. திரும்ப இந்த முனை. இப்படி மாற்றி மாற்றிக் கட்டை அடுக்கிக்கொண்டே போனால், அன்று மாலைக்குள் கல் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். 22 டன் எடையுள்ள ஒரு இயந்திரத்தின் அடிப்பாகத்தை, கிரேன் நுழைய முடியாத தாழ்ந்த கூரைக்குள், எட்டுப் பேராக அறுபதடி நகர்த்தியிருக்கிறோம். இரண்டு நாள் ஆனது. எங்களிடம் ஜாக்கி இருந்தது, அவர்களிடம் இல்லை. ஆனால் பேக்கிங் கட்டையும் பொறுமையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு கட்சி, மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன்மேல் கல்லை இழுத்தார்கள் என்கிறது. பக்கக் கற்களை நிறுத்தியதும் உள்ளே மண்ணைக் கெட்டித்து நிரப்பி, வெளியே சரிவு போட்டு, மூடியை இழுத்து வைத்த பிறகு மண்ணை எடுத்துவிடுவது. இதுவும் நல்ல முறை. கல்பதுக்கை விஷயத்தில் எனக்கு இதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கல்பதுக்கை என்பதும் இறந்தவர்களுக்கான கல் அறைதான், ஆனால் பெரும்பாலும் தரைக்குள் இருப்பது. குழி தோண்டிப் பலகைக் கற்களைக் குழிக்குள் இறக்கி நிறுத்துகிறார்கள். அப்போது அவற்றின் மேல் விளிம்பு எங்கே இருக்கும்? தரை மட்டத்தில். மூடிக்கல்லைத் தரையோடு இழுத்து வந்து மேலே சறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தூக்கவே வேண்டாம்! இது எனக்குப் புரிந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பாரத்தை மேலே கொண்டுபோவதற்குப் பதில், உட்காரும் இடத்தைக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் பிரம்மகிரி என்ற இடத்தில் 1947இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே இருந்த பதுக்கைகளில் நான்கு பக்கக் கற்களும் பெட்டி போல மூலைக்கு மூலை சேரவில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் உள்முகத்தில் முட்டி நிற்கிறது, மறுமுனை மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம். நம் தமிழ்நாட்டுப் பதுக்கைகளிலும் இந்த அமைப்பு உண்டு. சுண்ணாம்பு இல்லை, இரும்புப் பட்டை இல்லை. வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்க நான்கும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் பாதி. எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது என்று தெரியாமல் பாரம் சாய்ந்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லையே கல்லுக்கு முட்டாக வைக்கும் அறிவு ஒரு நாளில் வந்திருக்காது. எத்தனை பதுக்கைகள் உள்ளே சரிந்து விழுந்த பிறகு அதைக் கற்றுக்கொண்டார்களோ!

கல்லைப் பெயர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கருங்கல் பாறை அடுக்கடுக்காக உரியும். நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் பலகையாகவே கிளம்பும். தென்னிந்தியக் கல் உடைப்பவர்கள் இந்த முறையைச் சமீப காலம் வரை கையாண்டிருக்கிறார்கள். இரும்பு உளியும் ஆப்பும் நம் ஆட்களிடம் இருந்தன. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலப் பெருங்கல் வட்டத்தைக் கட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. 20 டன்னுக்கு மேற்பட்ட கற்களைக் கல் சுத்தியலாலேயே கொத்திக் கொத்திச் செதுக்கியிருக்கிறார்கள். நிற்கும் கல்லின் தலையில் முளை, படுக்கும் கல்லின் அடியில் துளை. தச்சர் கதவு நிலைக்குச் செய்யும் அதே இணைப்பு.

அந்தப் பெரிய கற்கள் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை. ஆனால் நடுவில் கிடக்கும் ஆறு டன் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் கண்டுபிடித்தார்கள். 700 கிலோமீட்டருக்கும் மேல். உடனே ஒரு விவாதம் கிளம்பியது: கடல் வழியா, தரை வழியா? படகில்தான் வந்திருக்கும் என்று பல பேர் நினைக்கிறார்கள். நான் கடலோரத்திலேயே பிறந்தவன். ஆறு டன் கல்லை ஆடுகிற படகில் ஏற்றும் நேரமும் இறக்கும் நேரமும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நகர்ந்தால் கல்லும் போகும், ஆளும் போவான். தரையில் தவறு செய்தால் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்கலாம். என் ஓட்டு தரை வழிக்கு.

உருளைக் கட்டைகளை அடியில் போட்டு உருட்டினார்கள் என்று பள்ளிப் புத்தகப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. சிமென்ட் தரையில் உருளை ஓடும். மண்ணில் புதையும். ஒருமுறை மழை பெய்து ஊறிய வளாகத்தில் உருளைக் குழாய் போட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்று மேலிடத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். ஒரு குழாய் கோணிக்கொண்டு திரும்பியது. என் கூட்டாளியின் இரண்டு விரல் நுனி போனது. அதற்குப் பிறகு ஈர மண்ணில் உருளை போட நான் சம்மதித்ததில்லை.

எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில் ஒரு ஓவியம் இருந்தது. கிட்டத்தட்ட நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியது. பிரம்மாண்டமான ஒரு சிலை சறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு வரிசையாக 172 பேர் இழுக்கிறார்கள். உருளை எதுவும் இல்லை. சட்டத்தின் முன்னால் நின்று ஒருவர் தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். வெகுகாலம் அதைச் சடங்கு என்றே நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மணலைச் சரியான அளவில் நனைத்தால் இழுக்க வேண்டிய விசை பாதியாகக் குறைகிறது. தண்ணீர் குறைந்தால் மணல் குவிந்து தடுக்கும், கூடினால் சேறாகும். அந்தத் தண்ணீர்க்காரர் எவ்வளவு பெரிய தொழிலாளி என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவைப் பற்றிய விவாதம். அங்கே மோவாய் என்ற கற்சிலைகள் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சிலைகள் நடந்து வந்தன என்று தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். கேட்டவர்கள் கதை என்று ஒதுக்கினார்கள். படுக்க வைத்துச் சட்டத்தில் இழுத்தார்கள் என்பது ஒரு கட்சி. 2012இல் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு ஆய்வாளர்கள், நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையை நிற்க வைத்தே நகர்த்திக் காட்டினார்கள். மூன்று கயிறு, பதினெட்டுப் பேர். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுக்க, பின்னால் ஒரு கயிறு விழாமல் பிடித்துக்கொள்ள, நாற்பது நிமிஷத்தில் நூறு மீட்டர் போய்விட்டது. வழியில் கைவிடப்பட்ட பழைய சிலைகளின் அடிப்பாகம் முன்பக்கம் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதையும் அவர்கள் காட்டுகிறார்கள். பெரிய சிலைகளுக்கு இது சரிவராது என்று எதிர்க்கட்சி இன்னும் சொல்கிறது. நான் 'சிலைகள் நடந்தன' என்கிற கட்சிதான். வீட்டில் பீரோவை எப்படி நகர்த்துகிறோம்? தூக்குவதில்லை. ஒரு காலில் ஊன்றி மறு பக்கத்தைத் திருப்பி, அப்புறம் இந்தப் பக்கம். நம் வீட்டுப் பெண்கள் தனியாளாகச் செய்கிற வேலை அது.

இந்தோனேசியாவின் சும்பா தீவில் பெருங்கல் இழுக்கும் வழக்கம் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. நாகாலாந்திலும் அப்படியே, கவட்டை மரத்தைச் சட்டமாக்கிக் கல்லை அதில் கட்டி ஊரே இழுக்கும். சும்பாவில் கல்லின் மேலேயே ஒருவர் ஏறி நின்று குரல் கொடுப்பார். அந்தக் குரல்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஐம்பது பேர் ஐம்பது நேரத்தில் இழுத்தால் கல் அசையாது. ஒரே நொடியில் இழுத்தால் அசையும். எங்கள் மேஸ்திரி ஒருவர் மெல்லிய ஆள், ஒரு மூட்டையைக்கூடத் தூக்க மாட்டார். அவர் "ஏலேலோ" என்று இழுத்து ஆரம்பிக்கும்போது நாங்கள் மூச்சை உள்ளே வாங்குவோம், "ஐலசா"வில் விடுவோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்க் கத்தியைப் பார்க்கலாம், தாழியைப் பார்க்கலாம். கல்திட்டைக்காக எழும்பிய குரலை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது. இயந்திரம் வந்த பிறகு எங்கள் பாட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்னும் சில பெரியவர்கள் அதைப் பாடுவார்கள். இதைக் கேட்கும் பிள்ளைகள் யாராவது கைப்பேசியில் பதிவு செய்து வைத்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

அப்புறம், மாசி மாதம் திருவொற்றியூர்த் தேருக்குப் போனால் வடத்தைப் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சக்கரத்தின் பக்கம் பாருங்கள். முட்டுக்கட்டையோடு ஒருவர் குனிந்தபடி கூடவே ஓடுவார். அத்தனை டன் தேரை மாட வீதியின் மூலையில் திருப்புவதும், வீட்டுத் திண்ணையில் மோதாமல் நிறுத்துவதும் அவர் கைதான். கட்டையை எந்த நொடியில் சக்கரத்துக்கு அடியில் விடுகிறார் என்று கவனியுங்கள். வணக்கம்.