நாலாவது சீட்டில் கேட்ட அபங்கம்

வணக்கம். மும்பையில் சங்கீதம் என்றால் இங்குள்ள நம் தமிழர்களுக்கு மாட்டுங்காவும் ஷண்முகானந்தா ஹாலும்தான் முதலில் ஞாபகம் வரும். நானும் அங்கே உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால், போன நம்பிக்கை எனக்குத் திரும்ப வந்தது மும்பைக்கு வெளியே டோம்பிவிலியிலிருந்து கிளம்பும் காலை லோக்கல் ரயிலில், கையை அசைக்கக்கூட இடமில்லாத லேடீஸ் பெட்டியில்.

லோக்கல் பஜனை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அதே வண்டி, அதே பெட்டி, அதே ஆட்கள். ஒருவர் டோலக் எடுப்பார், இன்னொருவர் ஜால்ரா, இரண்டும் இல்லையென்றால் பெட்டியின் தகரச் சுவரிலேயே தாளம் போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் பெட்டியில்தான் அதிகம், பெண்கள் பெட்டியிலும் உண்டு. தூங்கிப் போகிறவர்களுக்கு இது தொந்தரவு என்பது உண்மை, அதனால் ஒலிபெருக்கி கூடவே கூடாது என்பது என் கட்சி.

என் கணவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பரேலில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மாதங்களில் நான் விளக்கேற்றுவதைக்கூட விட்டிருந்தேன். சாமி மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்க ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்துவிட்டு ஒரு மராத்தி மாவுஷி (சித்தி என்று மரியாதையாகக் கூப்பிடுவது), ஒரு கேள்வியும் கேட்காமல், நகர்ந்து நாலாவது சீட், அதாவது மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும் இடம், கொடுத்தார். அவர் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் அவருக்கு இருமல் வந்து பாட்டு நடுவில் நின்றது. அடுத்த அடி எனக்குத் தெரியும், என் வாய் தானாகப் பாடிவிட்டது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அது ஒரு அபங்கம், பாண்டுரங்கன் என்கிற விட்டலன் மேல் பாடும் மராத்திப் பக்திப் பாட்டு. எங்கள் வீட்டுப் பஜனையில் அபங்கம் உண்டு. 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரை மராட்டியர்கள் ஆண்டார்கள் இல்லையா, அப்போது அவர்களோடு வந்து நம் பஜனை சம்பிரதாயத்தில் கலந்ததுதான் அதெல்லாம். அர்த்தம் பாதி புரியாமல் சின்ன வயதில் பாடியது, முப்பது வருஷம் கழித்து தாணே தாண்டும்போது தொண்டையில் வந்து நின்றது.

அப்புறம்தான் இந்த அபங்கங்களை முதலில் பாடியவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். ஜனாபாய், மராத்திப் பக்திக் கவி நாமதேவர் வீட்டு வேலைக்காரி. மாவு அரைக்கும்போது பாண்டுரங்கனே வந்து கூட அரைத்தான் என்று பாடினாள். சோகாமேளாவைத் தீண்டத்தகாதவர் என்று கோயிலுக்குள் விடவில்லை, வெளியில் நின்று பாடினார். துக்காராம் 1630ஐ ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். எல்லாம் சரியாக இருந்தபோது எழுதிய பாட்டுகள் இல்லை இவை. அது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டுகளில் ஒரு உரிமை வந்தது.

இன்னொன்றும் படித்தேன். சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்களாம். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்து ஒரே நீளத்துக்கு விடுவதால், துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. இதைச் சொல்ல எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை என்றாலும், படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நான் விட்ட அடியை இன்னொருத்தி எடுப்பாள் என்பதுதான் அந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்த நம்பிக்கை. வீட்டு விளக்கும் அந்த வாரமே மறுபடி எரிந்தது.

என் கணவர் குணமாகி வீட்டில் இருக்கிறார். பாட்டால் குணமானார் என்று நான் சொல்லமாட்டேன், மருந்தும் டாக்டர்களும்தான் காரணம். அந்த மாவுஷிக்கு அப்படி நடக்கவில்லை. தன் மகளை இதே நோய்க்குக் கொடுத்தவர் அவர் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போதும் முதல் அடி அவருடையதுதான்.

உங்கள் பெட்டியிலும் யாராவது பாடினால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். மராத்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, விட்டல நாமம் சொல்லத் தெரிந்தால் போதும், ஜால்ரா போட எப்போதும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.