வெள்ளைக்கொடி பிடித்த கரும்பு

நேயர்களுக்கு வணக்கம். கொங்கு நாட்டின் உயிரியல் ஆராய்ச்சி, அதையொட்டிய தொழில்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கரும்பு, பருத்தி, குன்னூர்த் தடுப்பூசி, பப்பாளி என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கரும்பில் தொடங்கினால் நான் எங்கே போய் நிற்பேன் என்பது என்னிடம் தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் கரும்பில்தான் தொடங்குகிறேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் என் தாய்மாமன் ஒருவர் கரும்பு போட்டிருந்தார். நான் கல்லூரியில் படித்த நாட்களில், ஒரு கார்த்திகை மாதம் ஊருக்குப் போனால், மனிதர் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். வயல் முழுவதும் கரும்பு பூத்து, காற்றில் வெள்ளை வெள்ளையாக ஆடுகிறது. எனக்கானால் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. "வெள்ளைக்கொடி பிடித்துவிட்டது, மாப்பிள்ளை. இனி இதனிடம் என்னத்தை எதிர்பார்ப்பது?" என்றார் மாமா.

கரும்பு போட்டவர்களுக்கு அந்தப் பேச்சை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூத்த கரும்பு அதற்குமேல் வளராது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரத் தாமதமானால் தண்டின் நடுப்பகுதி பஞ்சாகி எடை இறங்கிவிடும். விவசாயிக்குக் கரும்பின் பூவால் ஒரு பயனும் இல்லை. விதை போட்டா கரும்பு நடுகிறோம்? பருவுள்ள கரணையை வெட்டித்தானே நடுகிறோம்?

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் பேராசிரியர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு எங்களை அழைத்துப் போயிருந்தார். விடிந்தும் விடியாத நேரம். மூங்கில் கழிகளை நட்டு, ஒவ்வொரு பூங்கொத்துக்கும் துணிக்கூண்டு கட்டியிருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று, வேறொரு கரும்பின் பூவை அந்தக் கூண்டுக்குள் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனால், மேசையில் நுண்ணோக்கி. மகரந்தத்தின்மேல் ஒரு சொட்டு அயோடின் விடுவார்கள். கறுத்தால் மகரந்தத்துக்கு உயிர் உண்டு, அது தந்தையாகும். வெளிறியே இருந்தால் மலடு, அந்தச் செடியைத் தாயாக வைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கும் படலம் போலத்தான் அதுவும், ஜாதகத்துக்குப் பதில் அயோடின்.

இதை மாமாவிடம் சொன்னேன். அங்கே இந்தப் பூவுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள் என்றேன். "அப்படியா, நம் வயலுக்கு வரச் சொல். ஒரு வண்டி ஏற்றி அனுப்புகிறேன்" என்றார்.

அவர் கோபத்தில் சொன்னார். ஆனால் அந்த நிறுவனம் 1912ஆம் ஆண்டில் இந்த ஊருக்கு வந்ததற்கே காரணம் அந்தப் பூதான். 1880களின் கடைசி வரை கரும்பு விதை முளைக்காது என்றே உலகம் நம்பியிருந்தது. ஜாவாவிலும் பார்படோஸிலும் முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான் இரண்டு கரும்பைக் கலந்து மூன்றாவதை உண்டாக்கலாம் என்ற எண்ணமே வலுப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு பூத்தாலும் குளிர் வந்து மகரந்தத்தைக் கெடுத்துவிடும். இங்கே பகல் மெதுவாகக் குறுகுகிறது, இரவுக் குளிரும் அளவோடு நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது.

வடக்கே அப்போது விளைந்தவை விரல் பருமனில் ஒல்லிக் கரும்புகள். பருத்த கரும்போ அந்தக் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்காது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள்? 'வெள்ளை' என்ற பருத்த கரும்பை எடுத்து, அதன்மேல் நம் ஓடைக்கரையில் யாரும் சீந்தாமல் நிற்கும் பேய்க்கரும்பின் மகரந்தத்தைத் தூவினார்கள். பிறந்தது கோ 205. 1918ஆம் ஆண்டில் பஞ்சாபுக்குப் போனது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அதிலிருந்து வரிசையாகப் பல கோ ரகங்கள். ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலைக் காக்க வந்த 1932ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு மளமளவென்று ஆலைகள் எழுந்தபோது, அரைப்பதற்குக் கரும்பு இருந்தது. மறுபடியும் சொல்கிறேன்: பூவும் பேய்க்கரும்பும். விவசாயி இரண்டையும் திட்டுவார்.

ஜானகி அம்மாளை விட்டுவிட்டு நான் எழுந்து போனால் எனக்குத் தூக்கம் வராது. தலச்சேரியில் பிறந்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1930களில் இந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்த துணிச்சல்காரி. பிற்பாடு இங்கிலாந்து போய், பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை 1945ஆம் ஆண்டில் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து வெளியிட்டார். அவர் நடந்த வரப்புகள் இந்த ஊரில் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்பு வெட்ட 1860ஆம் ஆண்டு முதல் நம்மவர்கள் கப்பலேறினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துக் கோயம்புத்தூர்க் கரும்பு விதையும் அதே நேட்டாலுக்குப் போனது. ஊதினால் பறந்துவிடுகிற பஞ்சு விதை. அங்கே நாற்றாக்கித் தேர்ந்தெடுத்த ரகத்துக்கு என்.கோ. 310 என்று பெயர்: நேட்டால், கோயம்புத்தூர். அது தைவான் வரை போய் விளைந்தது.

மகரந்தம் தூவியதிலிருந்து விவசாயி கைக்கு ஒரு ரகம் வர பன்னிரண்டு ஆண்டுகள்கூட ஆகும். இன்று தமிழ்நாட்டில் ஊரெல்லாம் நிற்கும் கோ 86032 என்பதில் 86 என்பது 1986ஆம் ஆண்டு. அது வயலுக்கு வந்தது எப்போது என்று உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்கள். இதே நிறுவனத்தின் கர்னால் மையம் தந்த கோ 0238 உத்தரப்பிரதேசக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. ஒரே ரகத்தை நம்பி மாநிலமே நின்றால் என்ன ஆகும்? செவ்வழுகல் நோய் புகுந்தது. அப்போது மாற்று ரகத்துக்கு எங்கே போவது? கண்ணூரில் இந்த நிறுவனம் பல நாட்டுக் கரும்புகளையும் காட்டுக் கரும்புகளையும் உயிரோடு நட்டுக் காத்து வருகிறது. அந்த வயலுக்குக் களையெடுக்கும் செலவை வீண் என்று சொல்பவரை நான் சந்தித்திருக்கிறேன். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், இன்றும் வருத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். பார்த்தீர்களா, கரும்பு இப்படித்தான் செய்யும்.

பருத்தி: சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து 1974ஆம் ஆண்டில் இங்கே வந்த சுவின், மிக நீண்ட இழை, மெல்லிய நூல். ஆலைக்காரர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். குன்னூர்: 1902ஆம் ஆண்டில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது ஊசி போட வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சாவுதான் 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனத்தைக் குன்னூருக்குக் கொண்டுவந்தது. அங்கே ஓர் அறையில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய உணவு ஆராய்ச்சிதான் பின்னால் ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

பப்பாளிக்கு அரை நிமிடம். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம், பால் எடுப்பதற்கென்றே வந்தது. பச்சைக் காயை அதிகாலையில் கீறி, வடியும் பாலைப் பிடித்து உலர்த்தினால் பப்பைன் என்ற நொதி. செரிமான மாத்திரைக்குப் போகிறது. யாராவது இதைக் கேட்டுவிட்டுத் தோட்டத்துக் காயைக் கீறிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். வணக்கம்.