ஊராட்சி மாநகராட்சியானால் என்ன போகும்?

தாம்பரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊரையும் மாநகராட்சியில் சேர்த்தால் எங்களுக்கு லாபமா, நட்டமா?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் பழைய கதை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் வந்தது. கிறித்தவக் கல்லூரி 1937இல் வந்தது. நகராட்சி 1964இல்தான் வந்தது. ரயிலுக்கும் நகராட்சிக்கும் இடையே 33 ஆண்டு! ஊர் முன்னால் ஓடும், நிர்வாகம் மூச்சிரைக்கப் பின்னால் வரும் என்று நான் சொல்வது உங்களுக்குச் சலித்திருக்கும். சலித்தாலும் உண்மை அதுதான். பிறகு 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது.

சேர்த்தது தப்பா? இல்லை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் மிகைநீர் செம்பாக்கம் பக்கம் இறங்கும். போய்ச் சேருமிடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். முன்பு சிட்லபாக்கம் ஒரு பேரூராட்சி, செம்பாக்கம் வேறொரு நகராட்சி. மழைநீர் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுமா? வாய்க்காலை இரண்டாக வெட்டி இரண்டு அலுவலகம் பார்த்தால், அடைப்பு எந்தப் பக்கம் என்பதிலேயே மழைக்காலம் முடிந்துவிடும்.

சரி, நட்டம்? வரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 'நூறு நாள் வேலை' என்று பழகிப்போன ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்குத்தான், நகரமானால் போய்விடும். வயல் வேலையும் குறைந்துவிட்ட வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. என் அத்தையின் ஊர் ஊராட்சியாக இருந்தபோது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். பேசவே மாட்டார். குடம் பேசும். ஊர் நகரத்தோடு சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரு புகார் எண். "திண்ணை எங்கேடா?" என்று என்னைக் கேட்டார்.

ஊராட்சித் தலைவரை நீங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சியில் கிராம சபை உண்டு. வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். நகரத்துக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. ஆனால் உங்கள் பகுதி சபை என்றைக்குக் கூடுகிறது என்று நகரத்து நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், விழிப்பார்.

உத்திரமேரூரை இன்று இழுக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அந்த ஊர்ச் சபையின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரிக்கென்று தனி வாரியம் வைத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலைத் தேர்தலில் ஓலை போடும் குடத்தில் இடக்கூடாது, அவன் உறவினர் பெயரும் கூடாது என்றது. அத்தையின் குடத்தையும் அந்தக் குடத்தையும் நான் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

ஆகவே நேயரே, சேர்ப்பதா வேண்டாமா என்பதைவிட நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, சேர்ந்த பிறகு யாருடைய திண்ணையில் உட்காருவது என்பதை. அதற்கு முன் நான் உங்களைக் கேட்கிறேன்: இப்போது கையில் இருக்கும் கிராம சபைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போய், அங்கே வாசித்த கணக்கில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த கேள்வி குப்பை வரி பற்றி, அதற்கு வருகிறேன்.