காய்ச்சல் விட்ட பிறகு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். ஆரம்பத்திலேயே பலமாக அடிபட்ட இடங்களில் நம்முடைய திருகோணமலை மாவட்டமும் ஒன்று.

அப்போது சுகாதாரப் பணியாளர்களாகிய நாங்கள் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். “பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருங்கள்” என்று அறிவித்தோம். பிறகு ஒரு வீட்டுக்குள் பார்க்கப் போனால் முற்றம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு சருகு இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை மெல்ல இழுத்து டோர்ச் அடித்தோம். இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. “முத்தமெல்லாம் கூட்டிட்டேனே சேர், இதுக்குள்ள தண்ணி நிக்குமெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே” என்றார் அந்தத் தாய். அவர் கேட்டது நியாயம். நாங்கள் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். சொல்ல வேண்டியதை நாங்கள்தான் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் உரத்துச் சொல்லத் தவறினோம். டெங்கில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். உடம்பு குளிர்ந்ததும் “பிள்ளைக்குச் சுகம்” என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். சிலருக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் மிகவும் ஆபத்தானது. “பீதியடைய வேண்டாம்” என்ற வார்த்தைக்குள் இது எங்கே இருக்கிறது? இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: காய்ச்சல் விட்ட பிறகு கடுமையாக வயிறு நோகிறதா, வாந்தி நிற்கவில்லையா, பல் முரசில் இரத்தம் கசிகிறதா, கைகால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைகிறதா, விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்காதீர்கள்.

“புகை அடிக்க எப்ப வருவீங்க?” என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். புகை பறக்கிற நுளம்பைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அந்த முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறோம். காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் சனம் செய்யும், என் அனுபவத்தில் பார்த்தது இது.

உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட நோய்ப்பரவல் காலத் தொடர்பாடல் வழிகாட்டியில் நம்பிக்கைதான் முதலில் வருகிறது, அடுத்தது தாமதிக்காமல் அறிவிப்பது. சரி, முழு விபரமும் கைக்கு வரும்வரை பொறுப்போமே என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. அதற்குள் வட்ஸ்அப்பில் ஒரு எண்ணிக்கை மூதூர் வரை போய்விடும். “இவ்வளவுதான் இப்போது தெரியும், மிச்சத்தை நாளை மாலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்” என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து பேசியே ஆகவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில், பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளிலும் அதே செய்தி போகவேண்டும்.

மாரி மழை வருகிறது. வானொலியை நிறுத்தியதும் உங்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் கூரைப் பீலியையும். வணக்கம்.