கோட்டுல குத்தின பேரு

எல்லாருக்கும் வணக்கம். உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட சிப்பாய்ங்களப் பத்தி பேசச் சொன்னீங்க. அமெரிக்காவுல 1861லேருந்து 1865 வரைக்கும் வடக்கு மாநிலங்களுக்கும், அடிமைமுறைய விடமாட்டோம்னு பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த போர எடுத்துக்கிறேன், அதுலயும் ஒரே ஒரு விஷயம், செத்தவனோட பேரு.

1864 ஜூன், வர்ஜீனியாவுல கோல்ட் ஹார்பர். விடிஞ்சா எதிரியோட பதுங்குகுழிய நோக்கி நேரா ஓடணும்னு வடக்குப் படைக்கு தெரியும். முந்தின நாள் ராத்திரி சிப்பாய்ங்க கோட்டக் கழட்டி வச்சு என்னமோ தைச்சிட்டு இருக்காங்க, கிட்டப் போய் பாத்தா பேரையும் வீட்டு விலாசத்தையும் துண்டுக் காகிதத்துல எழுதி கோட்டு முதுகுல குத்திட்டு இருக்காங்கன்னு வடக்குப் படைத் தளபதி ஜெனரல் கிரான்ட் கூட இருந்த ஒரு அதிகாரி பிற்பாடு எழுதி வச்சிருக்கார். படிச்ச நாள்லேருந்து இது மனசவிட்டுப் போகல. அவங்களுக்கு சாவு பயம் இருந்திருக்கும், ஆனா அன்னிக்கு ராத்திரி கை செஞ்சுகிட்டிருந்த வேலை வேற, நாம செத்தது வீட்டுக்குத் தெரியணும்.

ஏன்னா அப்போ ராணுவம் குடுக்கிற அடையாளத் தகடு கிடையாது, வீட்டுக்கு சேதி சொல்ல முறையான ஏற்பாடும் கிடையாது. மிசிசிப்பியில விக்ஸ்பர்க் கல்லறைத் தோட்டத்துல வடக்குச் சிப்பாய்ங்க சுமார் 17,000 பேர் இருக்காங்க, அதுல ஏறக்குறைய 13,000 பேருக்கு பேரே இல்ல, சின்னதா சதுரமா ஒரு கல்லு, மேல ஒரு நம்பர், அவ்ளோதான். போர்ல செத்தது மொத்தம் 6,20,000 பேருன்னு ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, 2011ல சென்சஸ் கணக்க வச்சுப் பாத்து 7,50,000 பக்கம் இருக்கலாம்னாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு குண்டு பட்டு இல்ல, வயித்துப்போக்கு, டைஃபாய்டு மாதிரி வியாதி.

ஜார்ஜியாவுல ஆண்டர்சன்வில்லுன்னு தெற்குப் படையோட சிறை முகாம். 14 மாசத்துல சுமார் 45,000 கைதிங்க, கிட்டத்தட்ட 13,000 பேர் அங்கயே செத்தாங்க. அவ்வளவு நெரிசல் ஏன்? அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் கைதிங்கள மாத்திக்கிட்டு இருந்தாங்க, வடக்குல கறுப்பினத்தவங்க யூனிஃபார்ம் போட்டதும் அவங்கள போர்க்கைதியா ஏத்துக்க முடியாதுன்னு தெற்கு சொல்லிருச்சு, அதுலதான் மாத்துறது நின்னுபோச்சு. அந்தக் கறுப்பினச் சிப்பாய்ங்க சுமார் 1,80,000 பேர். வெள்ளைக்காரனுக்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10, அதுலயும் துணிக்குன்னு 3 டாலர் பிடிப்பாங்க. மாசசூசெட்ஸ் 54ஆவது படைப்பிரிவு இந்த சம்பளமே வேணாம்னு தொடாமலே சண்டை போட்டாங்க, வீட்ல புள்ளைங்க பட்டினி, இவங்க 1863 ஜூலைல தெற்குப் படையோட வாக்னர் கோட்டை மதில் ஏறிட்டு இருக்காங்க. 1864 ஜூன்லதான் சம சம்பளச் சட்டமே வந்துச்சு. கோல்ட் ஹார்பர் நடந்த அதே மாசம், பாத்துக்கோங்க.

ஆண்டர்சன்வில் கைதிங்கள்ல டோரன்ஸ் அட்வாட்டர்னு ஒரு சின்னப் பையன். சாவுக் கணக்கு எழுதுற வேலை அவனுக்கு. யாருக்கும் தெரியாம இன்னொரு காப்பி எழுதி, கோட்டு உள்துணிக்குள்ள மறைச்சு வெளிய கொண்டு வந்துட்டான். போர்ல காயம்பட்டவங்களுக்கு உதவின கிளாரா பார்ட்டன்ங்கிற அம்மா கூட 1865ல அங்க திரும்பிப் போனான், அந்த லிஸ்ட்டாலதான் ஒரு சில நூறு போக மத்த எல்லா குழிக்கும் பேரு வச்சாங்க. அதே லிஸ்ட்ட திருடிட்டான்னு சொல்லி அவன் சொந்த ராணுவமே அவனுக்கு தண்டனை குடுத்து ஜெயில்ல போட்டுச்சு! எனக்கு இன்னும் ஆறல.

1863ல பெரிய சண்டை நடந்த இடம் கெட்டிஸ்பர்க், 1913ல அங்க அதோட 50ஆவது வருஷ விழா. 50,000 பேருக்கு மேல முன்னாள் சிப்பாய்ங்க, ரெண்டு பக்கத்துக் கிழவருங்களும் அன்னிக்கு சுட்டுக்கிட்ட அதே கல்லுச் சுவருக்கு மேல கை குலுக்கினாங்க. அழகான காட்சிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஜனாதிபதி வில்சன் பேசினப்போ சண்டை மறந்தாச்சுன்னார், எதுக்காக சண்டைன்னு, அடிமைமுறையப் பத்தி, வாய் திறக்கல.

தெற்குல சவுத் கரோலினாவுல இருக்கிற சார்ல்ஸ்டன் ஊர்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லி முடிச்சிடறேன். அங்க குதிரைப் பந்தய மைதானம் ஒண்ண தெற்குப் படை சிறையா வச்சிருந்துச்சு, செத்த 257 வடக்குச் சிப்பாய்ங்கள ஒரே குழியில தள்ளியிருந்தாங்க. 1865ல, அடிமைத்தனத்துலேருந்து அப்பத்தான் விடுதலையான ஜனங்க அந்தக் குழியத் தோண்டி ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அடக்கம் பண்ணி சுத்தி வேலி போட்டாங்க. மே 1 அன்னிக்கு சுமார் 10,000 பேர் ஊர்வலம், முன்னாடி பள்ளிக்கூடப் புள்ளைங்க கை நிறைய ரோஜாப்பூ. 1916ல அந்த ஊர் நினைவுச் சங்கம் ஒண்ணுகிட்ட இப்படி ஒண்ணு நடந்துச்சான்னு கேட்டு கடிதம் வந்துச்சு, அதிகாரபூர்வமா ஒரு தகவலும் கிடைக்கலன்னு பதில் போட்டாங்க.

51 வருஷம்தான் ஆகியிருந்துச்சு. பூ எடுத்துட்டு நடந்த புள்ளைங்கள்ல பல பேர் அறுபது வயசுக்காரங்களா அதே ஊர்ல இருந்திருப்பாங்க. அவங்ககிட்ட கேட்டிருக்கலாம்.