போர்ட் ஒண்ணாயிடுச்சு, கேபிள் ஒண்ணாகல

(திரையில்: போனின் அடிப்பக்கம், மிக நெருக்கத்தில்)

உங்க போனோட அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. டைப்-சி போர்ட்டா இருந்தா, உள்ள நடுவுல மெல்லிசா ஒரு நாக்கு தெரியும். அதுல மேல 12, கீழ 12, ஆக 24 பின். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் பொருந்துற மாதிரி அடுக்கியிருக்காங்க.

எல்லா போனுக்கும் இந்த ஒரே போர்ட்னு ஆக ரொம்ப நாளாச்சு. 2009ல ஐரோப்பாவுல 30க்கும் அதிகமான வகை சார்ஜர் இருந்துச்சு. ஐரோப்பிய ஆணையம் கேட்டதும், பெரிய கம்பெனிகள் தாங்களாவே மைக்ரோ யுஎஸ்பிக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆப்பிளும் கையெழுத்துப் போட்டுச்சு. ஆனா அடாப்டர் இருந்தாலே போதும்னு அந்த ஒப்பந்தம் சொன்னதால, 2012ல ஐபோன் 5, ஆப்பிளோட சொந்த போர்ட்டான லைட்னிங்கோட வந்துச்சு. டைப்-சி வெளியானது 2014ல. கடைசியில 2022ல, டைப்-சி போர்ட்தான் இருக்கணும்னு ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டமாவே போட்டுச்சு: ஆதரவா 602 ஓட்டு, எதிர்ப்பு 13. போன்களுக்கு 2024 டிசம்பர் 28தான் கெடு. ஆப்பிள் அதுக்கு முன்னாடியே, 2023ல, ஐபோன் 15ல மாறிடுச்சு.

(திரையில்: லைட்னிங் முனையும் டைப்-சி முனையும் பக்கத்துல பக்கத்துல)

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் கண்ணுக்கே தெரியாதது. பின்னை இறுக்கிப் பிடிக்கிற குட்டி ஸ்பிரிங், லைட்னிங்ல போனுக்குள்ள இருந்துச்சு. டைப்-சியில அது கேபிள் முனைக்குள்ள இருக்கு. தினமும் சொருகி எடுக்கும்போது முதல்ல தேயுறது ஸ்பிரிங்தான். அப்போ மாத்த வேண்டியது கேபிளை, போனை இல்ல. யோசிச்சுப் பண்ணின வேலை இது.

(திரையில்: சார்ஜருக்கும் போனுக்கும் நடுவுல ஓடுற கோடுகள்)

சொருகினதும் என்ன நடக்குது? டைப்-சி சார்ஜர் சும்மா இருக்கும்போது கரண்ட்டே வெளிய விடாது. போன்ல இருக்கிற 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கண்டுபிடிச்ச அப்புறம்தான் 5 வோல்ட் கொடுக்கும். வேகமா சார்ஜ் ஏத்துற பவர் டெலிவரிங்கிற முறை ரெண்டுலயும் இருந்தா, அதுக்கு மேல பேச்சுவார்த்தை நடக்கும். தன்கிட்ட என்னென்ன வோல்ட் இருக்குன்னு சார்ஜர் பட்டியல் சொல்லும். தனக்கு எது வேணும்னு போன் கேட்டு வாங்கிக்கும். அந்த ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சுச் செய்யுற மலிவான சாதனங்களும் இருக்கு. டைப்-சி சார்ஜர்ல போட்டா அசையாது, ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பியா (யுஎஸ்பி-ஏ) இருக்கிற கேபிள்ல போட்டா ஏறும். காரணம் இதுதான்.

(திரையில்: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேபிள்கள்)

இப்போ கேபிளுக்கு வருவோம். ரெண்டு முனையும் டைப்-சியா இருக்கிற கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும் தாங்கணும். அதுக்கு மேல போகணும்னா, தன்னோட திறனைச் சொல்ற ஒரு சிப் கேபிளுக்குள்ளயே இருக்கணும். பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஒண்ணு 60 வாட், இன்னொண்ணு 240 வாட். டேட்டாவும் அப்படித்தான்: நொடிக்கு 480 மெகாபிட் கேபிளும் உண்டு, 40 ஜிகாபிட் கேபிளும் உண்டு. போன்லயே இந்த வித்தியாசம் இருக்கு. ஐபோன் 15ல 480 மெகாபிட், 15 ப்ரோவுல 10 ஜிகாபிட். போர்ட் அதே வடிவம்தான்.

அதனால புதுசா கேபிள் வாங்கும்போது முனையைத் திருப்பிப் பாருங்க. முறையா சான்று வாங்கின கேபிள்ல 60 வாட்டா, 240 வாட்டான்னு லோகோவோட அச்சடிச்சிருப்பாங்க.