கையெழுத்து என்னுடையதுதான்
(வங்கி அதிகாரிகள் கூட்டமொன்றில் வக்கீல் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

கொலை வழக்கில் மாட்டியவரிடம் வக்கீல் முதலில் கேட்பது, "அந்த நேரத்தில் நீ அங்கே இருந்தாயா?" என்பதுதான். உங்கள்மீது வரும் கடன் மோசடி வழக்குகளில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அங்கேதான் இருந்தீர்கள். ஃபேனுக்குக் கீழே, கடன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, காசாளர் கவுண்டரில் நடக்கும் சண்டைக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தீர்கள். கையெழுத்து உங்களுடையது. தேதியும் உங்கள் கையால் எழுதியது. அதை இல்லையென்று சொல்ல வந்தவரை நான் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்படியானால் வாதாட என்ன மிச்சம்? கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தில் உங்கள் மனதில் என்ன இருந்தது என்பது மட்டும்தான். பத்து வருடம் கழித்து, யாரும் நினைவில் வைத்திருக்காத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தூசி தட்டி எடுத்து நீதிபதி முன்னால் வைக்க வேண்டும்.

ஒரு கதை சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். டெல்டா பக்கம் ஒரு கிளை. மேலாளர் வீட்டுக்கடன் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுக்கிறார். ஃபைலில் என்ஜினியரின் மதிப்பீடு இருக்கிறது. வங்கியின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீலின் பத்திரப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. சம்பளச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. ஏழு தவணை வந்தது, அப்புறம் நின்றது. போய்ப் பார்த்தால் அந்தச் சர்வே எண்ணில் இருப்பது கருவேலங்காடு. பத்திரம் போலி, சம்பளச் சான்று போலி. கடன் வாங்கியவர், தரகர், மேலாளர் மூவர் மீதும் கூட்டுச்சதி, ஏமாற்றுதல், போலி ஆவணம், ஊழல் தடுப்புச் சட்டம் என்று வரிசையாகப் பிரிவுகள் விழுந்தன. மேலாளர்மீது அரசுத் தரப்பு வைத்த முக்கியமான வாதம் ஒன்றே ஒன்று: இடத்தைப் போய்ப் பார்க்காமலேயே, பார்த்ததாக எழுதிவிட்டார், ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும்.

"போனேன் சார்" என்றார் அவர். ஆட்டோவில் போனாராம். பச்சை கேட் போட்ட வீட்டைக் காட்டினார்களாம். சரி, இதற்கு என்ன அத்தாட்சி?

அந்தக் கதை அப்படியே நிற்கட்டும்; சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஐபிசி 420 உங்கள் எல்லோருக்கும் தெரியும்; சினிமாவே கற்றுக்கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின், அதாவது பிஎன்எஸ்ஸின், 318க்குள் போய்விட்டது. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய எண்தான். எண் எதுவானாலும் கரு ஒன்று: ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பின்னால் கடன் வாராக்கடனாகிவிட்டது என்பதை வைத்து முன்னாலேயே மோசடி எண்ணம் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரே சம்பவத்துக்கு ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து வர முடியாது. ஒன்றில் பணம் கைமாறும்போதே வஞ்சகம் இருக்கிறது. மற்றதில் நேர்மையாகக் கைமாறிய பணம் அப்புறம்தான் கையாடப்படுகிறது. ஆனாலும் இரண்டு பிரிவையும் போட்டுத்தான் எஃப்ஐஆர் வருகிறது. எதிலாவது ஒன்றில் சிக்கட்டும் என்ற கணக்கு என்று எனக்குத் தோன்றும்.

மனதைப் பார்க்காமலேயே தண்டிக்கிற பிரிவும் நம்மிடம் இருந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் பழைய 13(1)(டி). அரசு ஊழியர் ஒருவர், பொதுநலன் எதுவுமில்லாமல் யாருக்காவது பண ஆதாயம் கிடைக்கச் செய்தால் போதும். லஞ்சம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. நிலக்கரித் துறைச் செயலாளராக இருந்த ஹெச்.சி. குப்தாவை நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் சிறப்பு நீதிமன்றத்தில் எழுந்து, வழக்குச் செலவுக்கு என்னிடம் பணமில்லை, ஜாமீன் பத்திரத்தைத் திரும்பப் பெறுகிறேன், சிறையிலிருந்தே வழக்கைச் சந்திக்கிறேன் என்றார். அடுத்த மே மாதம் ஒரு சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் அவருக்கு இரண்டு ஆண்டுகள் தண்டனை. அந்த ஒதுக்கீட்டில் தவறே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் லஞ்சம் வாங்கினார் என்பது தண்டனைக்கு அடிப்படையாக இருக்கவில்லை, அவ்வளவுதான். 2018 திருத்தத்தில் அந்தப் பிரிவு போய்விட்டது. இப்போது சொத்தைக் கையாடியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே தன்னை முறைகேடாக வளப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். கூடவே 17ஏ வந்தது: அலுவல் ரீதியில் எடுத்த முடிவை விசாரிக்க முன் அனுமதி வேண்டும். தனியார் வங்கியில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். தனியார் வங்கித் தலைவராக இருந்த ரமேஷ் கெல்லியின் வழக்கில், 2016ல், இந்தச் சட்டத்துக்கு நீங்களும் அரசு ஊழியர்தான் என்று சொல்லியாகிவிட்டது.

இனி உங்கள் கிளைக்கு வருகிறேன். நான் வாதாடியதில் பாதி வழக்குகள் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே தோற்றுப்போனவை. தோற்ற இடம், துறை விசாரணையில் விளக்கம் கேட்டு வங்கி அனுப்பும் மெமோவுக்கு எழுதிய பதில். "பணிச்சுமை காரணமாக விதிகளைக் கவனிக்காமல் விட்டது என் தவறுதான், இந்த ஒருமுறை மன்னிக்கவும்" என்று எழுதுங்கள், விஷயம் முடிந்துவிடும் என்று யாராவது பெரியவர் சொல்லியிருப்பார். முடியாது. மூன்று வருடம் கழித்து அந்தக் கடிதம் அரசுத் தரப்புச் சான்றாவணமாக எண் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். பதில் எழுதுமுன் ஃபைலைக் கேளுங்கள். ஃபைலைக் காட்டவில்லை என்றால் அதையே பதிலில் எழுதுங்கள்.

அதே துறை விசாரணை கைகொடுப்பதும் உண்டு. 2020ல், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியின் அதிகாரி ஒருவரின் வழக்கு. அவர்மீது வழக்குத் தொடர அனுமதி கொடுக்க வேண்டியதில்லை என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் காரணத்தோடு எழுதியிருந்தது. அதே விவரங்களை வைத்துக் குற்ற வழக்கில் தண்டனை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. விசாரணை அறிக்கையின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓய்வுபெற்ற பிறகும்.

அடுத்தது பாஸ்வேர்ட். சாப்பிடப் போகும்போது பக்கத்து சீட்டில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தெரியாதா எனக்கு? பதிவு செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று சிஸ்டம் காட்டும். இரண்டையும் தட்டியது ஒரே விரலாக இருக்கும். அப்போது 'நான் இல்லை' என்று நிரூபிக்க உங்களிடம் இருப்பது ஒரு சாப்பாட்டு டப்பா மட்டும்தான்.

அமலாக்கத்துறை சம்மன் வந்தால் நிலைமையே வேறு. போலீஸ் விசாரணையில் சொல்வதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அமலாக்கத்துறையிடம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 50ன் கீழ் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து உண்டு; அது சாட்சியமாகவும் வரும். 2022 ஜூலையில் விஜய் மதன்லால் தீர்ப்பு அதைச் செல்லும் என்றது. ஜாமீனுக்கான இரட்டை நிபந்தனையையும் செல்லும் என்றது. அதில் ஒன்று, குற்றவாளி இல்லை என்று நம்ப இடமிருக்கிறது என நீதிபதிக்கு விசாரணைக்கு முன்பே தோன்ற வேண்டும்! அப்புறம் கொஞ்சம் காற்று வந்தது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடு என்றது 2023ன் பங்கஜ் பன்சால் தீர்ப்பு. 471 நாள் சிறையிலிருந்த செந்தில் பாலாஜிக்கு 2024 செப்டம்பரில் ஜாமீன் கொடுத்தபோது, கடுமையான ஜாமீன் நிபந்தனையும் முடிவில்லாத தாமதமும் சேர்ந்து போக முடியாது என்றார்கள். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அந்த வரி உங்களுக்கும் பயன்படும்.

குற்றப்பத்திரிகையின் கனத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு 2ஜி தீர்ப்பு. ஏழு ஆண்டுகள், கோடை விடுமுறையிலும்கூட, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை, சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை என்று 2017 டிசம்பரில் எழுதினார் நீதிபதி ஓ.பி. சைனி. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024ல் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது, அது தனி.

கனத்தைவிட, அதில் என்ன இல்லை என்பதைத்தான் நான் தேடுவேன். கிளையிலிருந்து ஐம்பது கட்டு எடுத்துப் போவார்கள். வழக்குக்கு உதவும் பன்னிரண்டைக் காட்டுவார்கள். மீதி அலமாரியில் கிடக்கும். அந்த மீதிக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று 2022ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமலாக்கத்துறை வழக்குகளுக்கும் அது உண்டு என்று 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்று சொல்கிறது. எங்கள் மேலாளர் வழக்கு அதற்கெல்லாம் முந்தியது. கைப்பற்றிய பொருள்களின் மகஜரை வரிவரியாகப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: "சில்லறைச் செலவு வவுச்சர் கட்டு, 1". ஆவணப் பட்டியலில் அது இல்லை. மனுப் போட்டோம், எதிர்த்தார்கள், நாலு வாய்தா போனது. ஐந்தாவது வாய்தாவில் கட்டு வந்தது. குண்டூசி துருப்பிடித்து, மேல் தாளில் பழுப்பாக ஒரு வட்டம்.

கடன் ஒப்புதலுக்கு ஐந்து நாள் முன் தேதியிட்ட வவுச்சர். ஆட்டோ வாடகை, போக வர, 180 ரூபாய். காரணம் என்ற இடத்தில் "வீட்டுக்கடன் இடப் பார்வை" என்று எழுதி, கடன் விண்ணப்ப எண்ணும் போட்டிருந்தது. ஆட்டோக்காரர் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்டிருந்தார். குறுக்கு விசாரணையில் புலனாய்வு அதிகாரியிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. இந்தக் கட்டை எடுத்தது நீங்கள்தானே? ஆமாம். இந்த வவுச்சரைப் பார்த்தீர்களா? நினைவில்லை. ஆட்டோக்காரரை விசாரித்தீர்களா? இல்லை. அதோடு உட்கார்ந்துவிட்டேன். நாலாவது கேள்வி கேட்டிருந்தால் கெடுத்திருப்பேன். இளம் வக்கீலாக இருந்தபோது அப்படி ஒரு வழக்கைக் கெடுத்தும் இருக்கிறேன்.

மேலாளர் போயிருக்கிறார். அவருக்கு வேறு யாருடைய வீட்டையோ காட்டியிருக்கிறார்கள். கவனக்குறைவு உண்டு, சதி இல்லை என்று தீர்ப்பு வந்தது. மற்ற இருவருக்கும் தண்டனை. வழக்குப் பதிவாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவர் ஓய்வுபெற்று நாலு வருடம்.

தீர்ப்பு நகல் வாங்க வந்தபோது அந்த வவுச்சரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். சான்றாவணம், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை கொடுக்க மாட்டார்கள், ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆட்டோக்காரர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீட்டருக்கு மேலே இருபது கேட்டான் சார், சண்டை போட்டேன்" என்றார்.